தலைவர் கையெழுத்துப் போட்ட பத்திரம்: கிரீக் நிலம் பங்கு பிரிந்ததும் ஓக்லஹோமா மாநிலமானதும்

அமெரிக்கப் பூர்வகுடிகளின் வரலாற்றைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் 'அலாட்மென்ட்' என்ற சொல்லில் தடுக்கி விழுவது வழக்கம். பாகப்பிரிவினை என்று சொன்னால் பாதி புரிந்துவிடும்: ஒரு மக்கள்கூட்டத்துக்குப் பொதுவாக இருந்த நிலத்தை அளந்து, ஆளுக்கு இத்தனை ஏக்கர் என்று பிரித்து, தனித்தனிப் பெயரில் பத்திரம் போட்டுக் கொடுப்பது. மீதிப் பாதிதான் சிக்கல். பாகப்பிரிவினை என்றால் பங்காளிகளில் யாராவது கேட்டிருப்பார்கள். இங்கே பங்காளிகளில் பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். பிரித்தே தீரவேண்டும் என்றது வாஷிங்டன்.

கிரீக் மக்களை எடுத்துக்கொண்டு, 1899 முதல் 1907 வரை அவர்களின் முதன்மைத் தலைவராக இருந்த ப்ளெசன்ட் போர்ட்டர் வழியாகப் பார்த்தால் இந்த ஏற்பாடு தெளிவாகும். ஏனென்றால் அங்கே பிரிந்த ஒவ்வொரு பங்குக்கும் பத்திரம் எழுதிக் கொடுத்த கை, தலைவரின் கை. அமெரிக்க அரசு நேரடியாக எழுதிக் கொடுக்கவில்லை. ஏன் என்பதற்கு கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

கிரீக் என்பது ஆங்கிலேய வணிகர்கள் வைத்த பெயர். தங்களை அவர்கள் மஸ்கோகி என்பார்கள். சொந்த ஊர் இன்றைய அலபாமாவும் ஜார்ஜியாவும். அங்கேயே அவர்களுக்கு ஒரு நிலப் பிரிவினை நடந்துவிட்டது. 1832 மார்ச் 24 அன்று கையெழுத்தான ஒப்பந்தப்படி 90 முக்கியத் தலைவர்களுக்குத் தலா 640 ஏக்கர், மற்றக் குடும்பத் தலைவர்களுக்குத் தலா 320 ஏக்கர். விற்க வேண்டுமானால் அதிகாரி முன் வந்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற காப்பும் இருந்தது. நில வணிகர்கள் வேறு யாரையாவது அழைத்துவந்து, 'இவர்தான் நில உரிமையாளர்' என்று நிறுத்திக் கையெழுத்து வாங்கினார்கள். ஆள்மாறாட்டம் அவ்வளவு பெரிதாக நடந்தது. 1836-இல் சண்டை மூண்டு, மக்கள் மேற்கே துரத்தப்பட்டார்கள். எனவே 1890-களில் மறுபடியும் பங்குப் பேச்சு வந்தபோது, கிரீக் முதியவர்களுக்கு அது புதிய யோசனையாகத் தெரியவில்லை. தாத்தா காலத்தில் சுட்டுக்கொண்ட அதே அடுப்பு.

மேற்கே, இன்றைய ஓக்லஹோமாவின் கிழக்குப் பகுதியில் கிடைத்த நிலத்துக்கு 1852-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பட்டா கொடுத்தார். பட்டா யார் பெயரில் என்பதுதான் இங்கே முக்கியம்: மஸ்கோகி தேசத்தின் பெயரில், முழு உரிமையுடன். மற்றப் பல பூர்வகுடிகளின் நிலம் அமெரிக்க அரசின் பெயரில் இருக்க, அவர்கள் அதில் குடியிருந்தார்கள். கிரீக் நிலம் கிரீக் தேசத்துக்கே சொந்தம். சொந்தக்காரர் எழுதிக் கொடுக்காமல் பத்திரம் செல்லாது அல்லவா? அதனால்தான் பின்னாளில் தலைவரின் கையெழுத்து தேவைப்பட்டது.

உள்நாட்டுப் போரில் கிரீக்குகளில் ஒரு பிரிவு தெற்கு மாநிலங்களின் பக்கம் நின்றது. அதைக் காரணம் காட்டி 1866 ஒப்பந்தத்தில் மேற்குப் பாதியை, சுமார் 32.5 லட்சம் ஏக்கரை, ஏக்கர் 30 சென்ட் விலையில் வாங்கிக்கொண்டார்கள். அதே ஒப்பந்தம், கிரீக்குகளிடம் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களை முழுக் குடிமக்களாக்கியது. மிஞ்சியது சுமார் 30 லட்சம் ஏக்கர்.

பொது நிலம் என்றால் ஊரே சேர்ந்து உழுது பங்கிட்டார்கள் என்று நினைக்கக் கூடாது. குடிமகன் எவரும் பிறர் பயிரிடாத இடத்தில் வேலி போட்டு உழலாம். கட்டிய வீடு, போட்ட வேலி, நட்ட பழமரம் எல்லாம் அவருடையது. இன்னொரு குடிமகனுக்கு விற்கவும் செய்யலாம். கீழே இருக்கும் மண் மட்டும் தேசத்தினுடையது. நிலவரி கிடையாது. கடனுக்காக யாரும் மண்ணை ஜப்தி செய்ய முடியாது. நடைமுறையில் ஓட்டை இல்லாமல் இல்லை: வசதி படைத்த சிலர் பெரும்பரப்பை வளைத்து, டெக்சாஸ் மாட்டு வியாபாரிகளுக்கு மேய்ச்சலுக்கு விட்டுக் காசு பார்த்தார்கள். போர்ட்டரும் மாட்டுப் பண்ணைக்காரர்தான். அவரை எதிர்த்தவர்கள் இதை மறக்கவே இல்லை.

நெருக்கடி வெளியாட்களால் வந்தது. 1872-இல் ரயில் மஸ்கோகி நகருக்கு வந்தது. கூடவே வெள்ளைக் குடியேறிகளும் வந்தார்கள். கிரீக் உள்ளிட்ட பூர்வகுடி தேசங்கள் இருந்த இன்றைய கிழக்கு ஓக்லஹோமாவை அன்று 'இந்தியப் பிரதேசம்' என்பார்கள். 1900 கணக்கெடுப்பில் அது முழுவதும் சுமார் 3,92,000 பேர். அதில் பூர்வகுடிகள் ஏறத்தாழ 52,500 மட்டுமே. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு அங்கே ஓட்டு இல்லை, பிள்ளைகளுக்குப் பொதுப் பள்ளி இல்லை, கடை கட்டிய மனைக்குப் பத்திரம் இல்லை. அவர்கள் போட்ட கூச்சல் வாஷிங்டனில் எடுபட்டது.

பூர்வகுடிகளின் பொது நிலத்தைப் பங்கு பிரிக்க வழிசெய்த 1887-இன் டாவ்ஸ் சட்டம் செரோக்கி, சோக்டா, சிக்கசா, கிரீக், செமினோல் ஆகிய ஐந்து தேசங்களுக்கும் விலக்கு அளித்திருந்தது. 1893-இல் அவர்களோடு பேச்சு நடத்த டாவ்ஸ் ஆணையம் அமைந்தது. கிரீக்குகள் எந்த நிலையிலும் நிலத்தை விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்று ஆணையமே 1894-இல் எழுதி அனுப்பியது. பேச்சு படியாததால் சட்டம் வந்தது. 1898 ஜூன் 28-இன் கர்ட்டிஸ் சட்டம், ஒப்புக்கொண்டாலும் கொள்ளாவிட்டாலும் பிரிப்போம் என்றது. (அதைக் கொண்டுவந்த சார்லஸ் கர்ட்டிஸ், கா பூர்வகுடி வழிவந்தவர், பின்னாளில் அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவர்.) கிரீக் நீதிமன்றங்கள் அந்த அக்டோபர் 1-ஆம் தேதியோடு மூடப்பட்டன.

ஓராண்டு கழித்துத்தான் போர்ட்டர் தலைவரானார்.

1840-இல் பிறந்தவர். தந்தை வெள்ளையர், தாய் புகழ்பெற்ற பெரிமன் குடும்பத்துக் கிரீக் பெண். டல்லஹாசி மிஷன் பள்ளியில் படித்தார், தெற்குப் படையில் போரிட்டார், போருக்குப் பின் கிரீக் பள்ளிகளை மறுபடி நிறுவினார். பலமுறை வாஷிங்டனுக்குத் தூது போனவர். 1882-83-இல் இஸ்பார்ஹெச்சர் என்ற பழமைவாதத் தலைவர் தனி அரசு நடத்தியபோது, அவரை எதிர்த்துப் படை நடத்தியவர் போர்ட்டர். அதே இஸ்பார்ஹெச்சர் 1895-இல் தேர்தலில் வென்று முதன்மைத் தலைவரானார். அவருக்குப் பின் 1899-இல் போர்ட்டர். 1900-இல் வாஷிங்டனில் ஒப்பந்தம் பேசிய குழுவில் இருவருமே இருந்தார்கள். பழைய பகையைவிடப் பெரிய நெருக்கடி எதிரில் நின்றது என்பதற்கு இந்த ஒன்றே போதும்.

போர்ட்டரின் கணக்கு எளிமையானது. பிரிவினையைத் தடுக்க முடியாது; நிபந்தனைகளை மாற்ற முடியும். கர்ட்டிஸ் சட்டம் அப்படியே நடந்திருந்தால் குடிமகனுக்குக் கிடைப்பது மேல்மண்ணைப் பயன்படுத்தும் உரிமை மட்டும். ஒப்பந்தம் அதை முழு உரிமைப் பத்திரமாக்கியது. 1901 மார்ச் 1-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஏற்றது. மே 25-இல் கிரீக் தேசிய அவை ஏற்றது. 1902-இல் ஒரு துணை ஒப்பந்தமும் சேர்ந்தது.

பங்கு எப்படிக் கையில் வந்தது?

முதலில் பட்டியல். 1899 ஏப்ரல் 1 அன்று உயிரோடிருந்த ஒவ்வொரு குடிமகனின் பெயரும் ஏறியது; பின்னர் பிறந்த குழந்தைகளுக்குத் தனித்தனிக் கடைசித் தேதிகள் குறிக்கப்பட்டன. கிரீக் வழித்தோன்றல்களுக்கு ஒரு பட்டியல், முன்பு அடிமைகளாக இருந்தோரின் வழித்தோன்றல்களுக்கு இன்னொன்று. இரண்டும் சேர்ந்து சுமார் 18,700 பேர். பங்கில் இரு பட்டியலுக்கும் வேறுபாடு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சோக்டா, சிக்கசா தேசங்களில் முன்னாள் அடிமைகளுக்கு 40 ஏக்கர் மதிப்புள்ள நிலம்தான். கிரீக்கில் முழுப் பங்கு.

அடுத்து நில அளவை. ஆறு மைல் சதுரம் ஒரு டவுன்ஷிப். அதற்குள் 36 செக்‌ஷன். ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர். அதில் கால் பங்கு 160 ஏக்கர். கால் பங்கின் கால் பங்கு 40. கிரீக் பங்கு 160 ஏக்கர், அரசு அளவைக் கோட்டை ஒட்டியே எடுக்க வேண்டும். ஓடையோடு வளைந்து போகும் பழைய வயலுக்கும் நேர்கோட்டில் ஓடும் அளவைக்கும் ஒத்துவராது. ஒருவருடைய வீடு ஒரு சதுரத்திலும் கிணறு அடுத்தவர் சதுரத்திலும் போய் மாட்டிக்கொள்ள இது போதும்.

மூன்றாவது மதிப்பு. எந்த நிலத்துக்கும் ஏக்கர் ஆறரை டாலருக்கு மேல் மதிப்புப் போடக்கூடாது. 160 ஏக்கருக்கு அந்த உச்ச மதிப்பு 1,040 டாலர், இதுதான் அளவுகோல். ஆற்றோரக் கரிசல் எடுத்தவருக்கு 1,040 டாலர் நிலம் வந்துவிடும். ஏக்கர் 3 டாலர் மதிப்புள்ள கல்மேட்டை எடுத்தவருக்கு 480 டாலர்தான். மீதி 560 டாலரை நிலமாகவோ பணமாகவோ ஈடுசெய்வதாக வாக்கு. இப்போது மொத்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 18,700-ஐ 160-ஆல் பெருக்கினால் 29,92,000 ஏக்கர். இருப்பதே சுமார் 30 லட்சம். அதிலும் நகரங்களுக்கும் பள்ளிகளுக்கும் ஒதுக்கியது போக வேண்டும். ஈடுசெய்ய நிலம் எங்கே மிஞ்சும்? தேசத்தின் கருவூலத்திலும் அவ்வளவு பணம் இல்லை. எல்லாருடைய பங்கையும் 1,040 டாலருக்குச் சமமாக்க முடியவேயில்லை.

கடைசியில் பத்திரம். ஆளுக்கு இரண்டு. 40 ஏக்கர் வீட்டு நிலத்துக்கு ஒன்று: 21 ஆண்டுகளுக்கு வரி இல்லை, விற்க முடியாது, அடமானம் செல்லாது. மீதி 120 ஏக்கர் 'உபரி'க்கு இன்னொன்று: ஐந்தாண்டு கட்டுப்பாடு. இரண்டிலும் முதன்மைத் தலைவர் கையெழுத்திட வேண்டும். அமெரிக்க அரசின் உள்துறைச் செயலர் ஒப்புதல் தர வேண்டும். பெருக்கிப் பார்த்தால் 37,000 பத்திரங்களுக்கு மேல் வரும். போர்ட்டர் போட்டது போக மிஞ்சியதை அடுத்து வந்த தலைவர் மோட்டி டைகர் போட்டார்.

அந்தத் தாளைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எழுதிக் கொடுப்பவர் மஸ்கோகி தேசம். எழுதிக் கொடுப்பது தேசத்தின் உரிமையை மட்டுமல்ல. அந்த நிலத்தின் மீது மற்ற எல்லாக் குடிமக்களுக்கும் இருந்த உரிமையையும் சேர்த்து. பத்திரத்தைக் கையில் வாங்கிக்கொண்டாலே, மற்ற நிலம் முழுவதும் பிரிந்ததை ஒப்புக்கொண்டு அதன் மீதான தன் உரிமையை விட்டுவிட்டதாகப் பொருள் என்று ஒப்பந்தம் சொன்னது. 30 லட்சம் ஏக்கரின் கூட்டுச் சொந்தக்காரர், தாளைத் தொட்ட கணத்தில் 160 ஏக்கர்க்காரர்.

பிரிவினையை எதிர்த்த கிரீக்குகளின் தலைவர் சிட்டோ ஹார்ஜோ. அவருடைய ஆட்கள் பத்திரத்தை வாங்க மறுத்ததை அறியாமை என்று எழுதுவோர் உண்டு. அந்த வாசகத்தைப் படித்தவர் அப்படி எழுத மாட்டார். 'பாம்புகள்' என்று பெயர் பெற்ற அந்தக் கூட்டம், ஹென்ரியெட்டா அருகே ஹிக்கரி கிரவுண்ட் என்ற பழைய சடங்குத் திடலில் 1900-இல் தனி அரசு அமைத்தது. மேற்கு நிலம் கிரீக்குகளுக்கே என்றும் உறுதி சொன்ன அந்த 1832 ஒப்பந்தம் இன்னும் செல்லும் என்பது அவர்கள் வாதம். பங்கு வாங்கியவர்களையும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர்களையும் பிடித்துச் சாட்டையால் அடித்தார்கள். 1901 ஜனவரியில் குதிரைப்படை வந்து ஹார்ஜோவையும் மற்றவர்களையும் கைது செய்தது. மறுத்தவர்களுக்குப் பங்கு கிடைக்காமல் போகவில்லை. ஆணையமே அவர்கள் பெயரைப் பட்டியலில் ஏற்றி, ஏதோ ஓர் இடத்தில் 160 ஏக்கரை ஒதுக்கிவிட்டது. குடியிருப்பது ஓரிடம், காகிதத்தில் சொந்தம் வேறிடம்.

எங்கே ஓட்டை விழுந்தது

ஒப்பந்தத்தின் பலவீனமான இடம் அந்த ஐந்தாண்டு. பொது நிலத்திலேயே வாழ்ந்து பழகியவர், ஆங்கிலம் தெரியாதவர், கிரயம், அடமானம், வில்லங்கம் எதையும் கண்டிராதவர், ஐந்தாண்டுக்குள் நிலச் சந்தையில் தேர்ந்துவிடுவாரா? 1902 ஆகஸ்ட் 8-இல் தொடங்கிய கெடு 1907 ஆகஸ்ட் 8-இல் முடிந்தது. 1904 சட்டம் கறுப்பினப் பெரியவர்களின் உபரி நிலத்துக்கு அதற்கு முன்பே தடையை நீக்கிவிட்டது. முழு இரத்தக் கிரீக்குகளுக்கு மட்டும் 1906 சட்டம் 25 ஆண்டு நீட்டித்தது. இடையில் இருந்தவர்களின் 120 ஏக்கரை வாங்க, கெடு முடியும் நாளைக் குறித்துவைத்துத் தரகர்கள் முன்கூட்டியே தாள்களில் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார்கள்.

அவர்களை அங்கே 'கிராஃப்டர்' என்பார்கள். நேர்வழியில் வாங்க முடியாதபோது குத்தகை வழி இருந்தது: மேய்ச்சலுக்கு ஓராண்டு, பயிருக்கு ஐந்தாண்டு வரை அனுமதி. அற்ப முன்பணம் கொடுத்து ஐந்தாண்டுக் குத்தகை எழுதி, அதற்குள்ளேயே பின்னால் விற்பதாக ஒரு உறுதியையும் நுழைத்துவிடுவார்கள். குழந்தைகள் பெயரிலும் 160 ஏக்கர் இருந்ததால் காப்பாளர் ஆவதே தனித் தொழிலானது. ஒரே ஆள் பல பிள்ளைகளுக்குச் சட்டக் காப்பாளர். 1905 நவம்பரில் டல்சாவுக்குத் தெற்கே ஐடா க்ளென் என்ற கிரீக் பெண்ணின் பங்கு நிலத்தில் எண்ணெய் பீறிட்டது. க்ளென் பூல் என்று உலகம் அறிந்தது அதைத்தான். மேல்மண்ணோடு நிற்காமல் அடியில் கிடப்பதும் பங்காளிக்கே என்று ஒப்பந்தம் வாங்கித் தந்த உரிமை, சிலரைச் செல்வராக்கியது. பலரைத் தரகர்களின் குறியாக்கியதும் அதுவே.

தனி மாநிலம்

ஒப்பந்தத்தில் இன்னொரு கெடுவும் இருந்தது: கிரீக் அரசு 1906 மார்ச் 4-க்கு மேல் தொடராது. அதன் பிறகு அந்த மண்ணை ஆள்வது யார்? மேற்கே வெள்ளைக் குடியேறிகளின் ஓக்லஹோமா பிரதேசம். கிழக்கே ஐந்து தேசங்களின் இந்தியப் பிரதேசம். இரண்டையும் ஒட்டவைத்து ஒரே மாநிலம் ஆக்குவது வாஷிங்டனின் எண்ணம். கிழக்குக்குத் தனி மாநிலம் கேட்டார்கள் தலைவர்கள். எந்த மாநிலத்துக்குள்ளும் உங்கள் நிலத்தைச் சேர்க்கமாட்டோம் என்ற 1856 ஒப்பந்த வாக்கு கையில் இருந்தது.

1905 ஆகஸ்ட் 21 அன்று மஸ்கோகி நகரில் அரசியலமைப்பு மாநாடு கூடியது. மாநாட்டுத் தலைவர் போர்ட்டர்; செயலர் கிரீக் கவிஞரும் பத்திரிகையாளருமான அலெக்சாண்டர் போசி. செரோக்கி எழுத்துகளை உருவாக்கிய செகோயாவின் பெயரை மாநிலத்துக்கு வைத்தார்கள். 48 மாவட்டங்கள், தலைநகர் ஃபோர்ட் கிப்சன் என்று வரைபடம் உட்பட முழுமையான சாசனம். ஐந்து தேசங்களின் சார்பில் துணைத் தலைவர்கள். கிரீக் தேசத்தின் சார்பில் அமர்ந்த சார்லஸ் ஹாஸ்கலும் சிக்கசா சார்பில் அமர்ந்த வில்லியம் மரேயும் வெள்ளையர்கள். இது முரணாகத் தெரியலாம். ஆனால் வெள்ளையரே பெரும்பான்மையாகிவிட்ட நிலத்தில் அவர்கள் ஓட்டு இல்லாமல் மாநிலம் கிடைக்காது. நவம்பர் 7 வாக்கெடுப்பில் ஆதரவு 56,279; எதிர்ப்பு 9,073.

வாஷிங்டன் அதைப் பொருட்படுத்தவில்லை. இரண்டு மாநிலம் என்றால் நான்கு செனட்டர்கள். இரண்டுமே ஜனநாயகக் கட்சி பக்கம் சாயும் என்பது குடியரசுக் கட்சியினரின் பயம். குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் டிசம்பரில் ஒரே மாநிலத்தைப் பரிந்துரைத்தார். 1906 ஜூன் 16-இல் அதற்கான சட்டம். கத்ரி நகரில் கூடிய புதிய மாநாட்டுக்குத் தலைவர், செகோயா மாநாட்டில் பயிற்சி பெற்ற அதே மரே. புதிய மாநிலத்தின் முதல் ஆளுநர் அதே ஹாஸ்கல். செகோயா சாசனத்திலிருந்து நிறையவே புதிய சாசனத்துக்குப் போனது. போர்ட்டருக்கு அதில் இடம் இல்லை.

1906 ஏப்ரல் 26 சட்டம் தலைவர் பதவியை எப்படிச் சுருக்கியது என்பதற்கு ஒரே விதி போதும்: பத்திரம் தயார் என்று அறிவித்து 30 நாளுக்குள் தலைவர் வந்து கையெழுத்திடாவிட்டால், அவர் கையெழுத்து இல்லாமலே உள்துறைச் செயலர் முடித்துவிடலாம். தேசிய அவையும் ஆண்டுக்கு 30 நாளுக்கு மேல் கூடக்கூடாது. ஆனால் அதே சட்டத்தின் 28-ஆம் பிரிவு, தேசங்களின் அரசு தொடரும் என்றது. மார்ச் 4-இல் முடிவதாக இருந்த அரசு முடியவில்லை. இழுத்து மூடும் வேலையில் இன்னும் கையெழுத்து தேவைப்பட்டது, அவ்வளவுதான் காரணம்.

அந்த நவம்பரில் செனட் குழு ஒன்று பிரதேசத்தைச் சுற்றிவந்தது. சிட்டோ ஹார்ஜோ டல்சாவில் அவர்கள் முன் நின்று பழைய ஒப்பந்தங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அதைத் திருப்பித் தாருங்கள் என்றார். போர்ட்டரும் அதே குழுவிடம் பேசினார். தன் அமைப்புகளை இழந்த மக்களிடம் உயிர்ப்பு இருக்காது என்ற பொருள்பட அவர் சொன்னதைப் படிக்கும்போது, இருவருக்கும் இடையே இருந்த தூரம் வழியில்தான், நோயைக் கண்டதில் இல்லை என்று தோன்றும்.

1907 ஆகஸ்ட் 8-இல் உபரி நிலக் கெடு முடிந்தது. செப்டம்பர் 3-இல் ரயில் பயணத்தின் நடுவே வினிட்டாவில் போர்ட்டர் இறந்தார். நவம்பர் 16-இல் ஓக்லஹோமா மாநிலமானது. அடுத்த 60-க்கும் மேற்பட்ட ஆண்டுகள் கிரீக் தலைவர்களை அமெரிக்க அரசே நியமித்தது. 1970-இல் வந்த சட்டத்துக்குப் பின்தான் தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை மக்களுக்கு மறுபடி கிடைத்தது.

கிரீக் எல்லைக்குள் நடந்த குற்றத்தை விசாரிக்கும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டா என்ற மெக்கர்ட் வழக்கு 2020-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, நிலம் பங்கு பிரிந்து, மாநிலமும் அமைந்த பின் கிரீக் எல்லை என்று ஒன்று இல்லை என்றது ஓக்லஹோமா. நிலம் யாருக்குச் சொந்தம் என்பது வேறு, எல்லை யாருடையது என்பது வேறு, எல்லையை அழிப்பதாக நாடாளுமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்றனர் ஐந்து நீதிபதிகள், நால்வர் மறுத்தனர். நிலத்தை விட்டுக்கொடுத்ததாக ஒரு சொல்லை 1901 ஒப்பந்தத்தில் தேடினார்கள். இல்லை. டல்சா நகரத்தின் பெரும்பகுதி இன்று அந்த எல்லைக்குள் இருக்கிறது.